மூக்கு குத்தி நின்ன செனான், டார்ஷன் பார் திருவி முன் பக்கம் தூக்குனது

நம்ம வண்டி 2012 மாடல் டாட்டா செனான் பிக்கப், 2 வீல் டிரைவ், செகண்ட்ல எடுத்தது. குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பரும் கொஞ்சம் வாழையும் உண்டு, வாரத்துல ரெண்டு தடவ நேந்திரன் குலை ஏத்திட்டு மார்த்தாண்டம் சந்தைக்கு போகும், ரப்பர் ஷீட்டு சேந்தா அதுவும் போகும், மத்த நாள்ல வீட்டு வண்டிதான். எடுத்த நாள்ல இருந்தே வண்டி மூக்கு குத்தி நிக்குது, அதுலயும் டிரைவர் பக்கம் இன்னும் கொஞ்சம் சரிஞ்சு நிக்கும். பழைய ஓனர் முன்னால கனமான இரும்பு பம்பர் ஒண்ணு போட்டு வருசக்கணக்கா ஓட்டிருக்காரு. 2017 டிசம்பர்ல மத்திய அரசு இந்த மாதிரி புல் பார் கூடாதுன்னு உத்தரவு போட்டதுக்கு பொறவும் அது வண்டிலதான் கெடந்துருக்கு, நான் எடுத்த வாரமே கழட்டிட்டேன். ஆனா தாந்த முன் பக்கம் முழுசா மேல வரல. சின்ன ஸ்பீட் பிரேக்கர்ல கூட முன்னாடி ரப்பர் ஸ்டாப்பர்ல போய் "டம்"முனு இடிக்கும், பேச்சிப்பாறை ரோட்டுல மழைக்கு பொறவு ஓட்டுனா இடுப்பே வலிக்கும்.

மச்சினன் வந்து பாத்துட்டு சொன்னது, "அத்தான், பின்னால லீஃப் ஸ்பிரிங்ல ஒரு பட்டைய உருவிருவோம், பின் பக்கம் இறங்கிரும்லா, சோலி முடிஞ்சுது." பாக்க லெவலாத்தான் இருக்கும், ஆனா நான் ஒத்துக்கல. பிக்கப்ல பின்னாடி பட்டை லோடுக்காக உள்ளது, அத உருவுனா 40 குலை ஏத்துன உடனே வண்டி உக்காந்துரும். இன்னொண்ணு, பல பிக்கப்கள்ல பின் பக்கம் எவ்வளவு அமுங்கிருக்குன்னு பாத்து பின் பிரேக்குக்கு போற பிரஷர கூட்டி குறைக்கிற வால்வு ஒண்ணு ஆக்சில் கூட சேத்து மாட்டிருக்கும். பின் பக்கத்த தாழ்த்துனா வெறும் வண்டிலயும் லோடு இருக்குன்னு அந்த வால்வு நெனச்சுக்கும், மழை ரோட்டுல பிரேக் புடிச்சா பின் சக்கரம் லாக் ஆகி வழுக்கும். இறங்குன பக்கத்த தூக்கணும், சரியா நிக்குற பக்கத்த இறக்கக் கூடாது, அதுல எனக்கு மாத்து கருத்தே கிடையாது.

நம்ம வண்டில முன்னால காயில் ஸ்பிரிங் கிடையாது, டபுள் விஷ்போனும் (சக்கரத்த தாங்குற மேல கீழ ரெண்டு கண்ட்ரோல் ஆர்ம்) டார்ஷன் பாரும். டார்ஷன் பார்னா சேசிஸ் ஓரமா நீளவாக்குல கெடக்குற உருண்ட கம்பி, ஒரு முனை கண்ட்ரோல் ஆர்ம்ல பூட்டிருக்கும், மறு முனை குறுக்கு சட்டத்துல ஒரு ஆங்கர் ஆர்ம்ல நிக்கும், சக்கரம் மேல ஏறும்போது ஈரத்துணிய புழியற மாதிரி கம்பி முறுகும், அந்த முறுக்குதான் ஸ்பிரிங். ஆங்கர் ஆர்ம்ல ஒரு அட்ஜஸ்டிங் போல்ட் உண்டு, அத முறுக்குனா முன் பக்கம் ஏறும், தளத்துனா இறங்கும். ஸ்பேசர் வேண்டாம், வெல்டிங் வேண்டாம், கம்பெனியே குடுத்த அட்ஜஸ்ட்மெண்ட்தான். இசுசு வி-கிராஸ் மாதிரி முன்னால காயில் உள்ள வண்டில இந்த வேலை செல்லாது, அங்க ஸ்பேசரோ வேற ஸ்பிரிங்கோ போடணும். 2 வீல் டிரைவ்ல இன்னொரு நிம்மதி, முன் சக்கரத்துக்கு டிரைவ் ஷாஃப்ட் இல்ல, அதனால தூக்குனா ஜாயிண்ட் கோணம் மாறி தேயும்ங்கற பயம் இல்ல. பால் ஜாயிண்டும் ஸ்டியரிங் ராடும் மட்டும் கவனிச்சா போதும்.

முதல் சனிக்கிழமை அளவு எடுக்குறதுலயே போச்சு, ஆனா இதுதான் முக்கியமான வேலை. வீல் நடு மையத்துல இருந்து நேரா மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளக்கணும், தரைல இருந்து அளந்தா டயர் காத்து கூடக்குறைய இருக்குறது கணக்க கெடுத்துரும். மச்சினன டிரைவர் சீட்ல உக்கார வச்சுட்டு அளந்தேன், ஆள் இல்லாம வண்டி ஓடாதுல்லா. டிரைவர் பக்கம் 46 செ.மீ, அடுத்த பக்கம் 47.5. இந்த அளவு இடது வலது ஒப்பிடத்தான் ஆகும், முன்னும் பின்னும் ஃபெண்டர் வெட்டு ஒரே மாதிரி கிடையாது. அதுக்கு கொத்தனார்ட்ட இருந்து டியூப் மட்டம் வாங்கிட்டு வந்தேன், தண்ணி ஊத்துன அந்த ஒடுக்கமான டியூப்தான், குமிழ் இல்லாம தண்ணி நிரப்பி ஒரு முனைய முன் சக்கரத்துக்கு பின்னால சேசிஸ்லயும் மறு முனைய பின் சக்கரத்துக்கு முன்னால சேசிஸ்லயும் புடிச்சோம். வண்டி நின்னது ஷீட்டு அடிக்கிற ஷெட்டுக்கு முன்னால உள்ள சிமெண்ட் தளம், கண்ணுக்கு மட்டமாத்தான் தெரியும், டியூப் புடிச்சா சக்கரத்துக்கு சக்கரம் 2 செ.மீ வாட்டம், மழைத்தண்ணி ஓடுறதுக்கு கொத்தனார் விட்டது. அத கழிச்சு பாத்தா முன் பக்கம் பின் பக்கத்த விட 6 செ.மீ தாழ.

அட்ஜஸ்டிங் போல்ட் துருப்புடிச்சு ஒரே கட்டியா கெடந்துச்சு. பழைய ஓனர் குளச்சல் பக்கம், உப்புக்காத்து இரும்ப சும்மா விடாது. கம்பி பிரஷ் போட்டு மறைய நல்லா தேச்சு, மூணு நாள் காலையும் சாயங்காலமும் டபிள்யூடி-40 அடிச்சு ஊற விட்டேன். தெரிஞ்ச மேஸ்திரி அண்ணன்ட்ட போன்ல கேட்டப்ப அவரு சொன்ன ஒரே விசயம், "மக்கா, வண்டிய தூக்கி டயர் தொங்குன பொறவுதான் போல்ட்ட தொடணும், வெயிட்டுல வச்சு திருவுனா மறை போயிரும், போல்ட்ட முழுசா கழட்டவும் நிக்காத, முறுக்கு உள்ள கம்பி கையத் தட்டிட்டு போயிரும்." அதனால சேசிஸுக்கு கீழ ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் குடுத்தேன், ஜாக்கிய மட்டும் நம்பி அடியில படுக்கவே கூடாது. போல்ட் தலைல வெள்ள பெயிண்ட்ல ஒரு கோடு போட்டேன், சுத்து எண்ணுறதுக்கு. பழைய பொசிஷன்ல எத்தன மறை வெளிய தெரியுதுன்னும் நோட்ல எழுதி வச்சேன்.

முதல் தடவ ஆசைல கூட தூக்கிட்டேன். டிரைவர் பக்கம் 8 சுத்து, அடுத்த பக்கம் 6 சுத்து, ரெண்டும் 51 செ.மீ வந்துச்சு. ஒரு பக்கம் முறுக்குனா ரெண்டு பக்கத்தையும் இணைக்குற ஸ்டெபிலைசர் பார் வழியா அடுத்த பக்கமும் கொஞ்சம் அசையும், அதனால ஒவ்வொரு ரெண்டு சுத்துக்கும் ரெண்டு பக்கமும் அளந்தேன். ஜாக்கி இறக்குன உடனே அளந்தா தப்பான அளவு வரும், டயர் உள்வாங்கி நிக்கும், வண்டிய முன்னும் பின்னும் 5 மீட்டர் உருட்டி, பம்பர ரெண்டு அமுக்கு அமுக்கி விட்ட பொறவுதான் உண்மையான அளவு.

பாக்க ஜோராத்தான் இருந்துச்சு, கிட்டத்தட்ட மட்டம். ஆனா ஓட்டுனா கதை வேற. ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது முன்னால "டக்"குனு ஒரு சத்தம், சக்கரம் கீழ தொங்க இடம் இல்லாம முழுசா நீண்டு போய் நின்னு இடிக்குது. முறுக்குனா ஸ்பிரிங் இறுகிரும்னு நெறைய பேரு நெனைக்காங்க, அது சரி கிடையாது. கம்பியோட விறைப்பு அதோட தடிமனும் நீளமும் பொறுத்தது. தடிமன்ல 10 சதவீதம் கூடுனா விறைப்பு 46 சதவீதம் கூடும், ஏன்னா தடிமனோட நாலாம் அடுக்கு கணக்கு. போல்ட் திருவுனா கம்பி மாறாது, நிக்குற உயரம்தான் மாறும். ஓட்டம் கடிசாத் தெரியுதுன்னா காரணம், கீழ தொங்குறதுக்கு உள்ள இடத்த நாம மேல எடுத்துட்டோம்ங்கறதுதான்.

அடுத்த நாள் 40 குலை ஏத்துனேன், 450 கிலோ பக்கம் வரும். பின் பக்கம் 4 செ.மீ இறங்கி, மூக்கு 2 செ.மீ மேல பாத்து நின்னுச்சு. வெடியக்காலம் 4 மணிக்கு திருவட்டாறு வழியா போகும்போது லைட்டு ரோட்டுல விழாம தென்ன ஓலைல விழுது, எதிர்ல வந்த ஒவ்வொரு வண்டியும் டிம் அடிச்சு காட்டுறான். பைக்ல வர்றவனுக்கு அந்த வெளிச்சம் கண்ணுல அடிச்சா என்ன ஆகும்னு நெனச்சப்ப மனசு கேக்கல, வந்த உடனே இறக்கிருவோம்னு முடிவு பண்ணிட்டேன். பிக்கப்புக்கு பின் பக்கம் உயரமா வச்சு செய்யிறதே லோடு ஏறுனா மட்டமாகணும்னுதான். வெறும் வண்டிய மட்டமாக்குறது போட்டோவுக்கு ஆகும். நாம வழக்கமா ஏத்துற லோடு எவ்வளவோ அத ஏத்தி வச்சு பாத்து செட் பண்றதுதான் லோடு அடிக்கிறவனுக்கு சரி.

அடுத்த ஞாயிறு ரெண்டு பக்கமும் 3 சுத்து தளத்துனேன். 49 செ.மீ, ரெண்டு பக்கமும் ஒண்ணு போல. வெறும் வண்டில முன் பக்கம் 4 செ.மீ தாழ, அதே 40 குலைக்கு டியூப் புடிச்சா அரை செ.மீ கூட வித்தியாசம் இல்ல. "டக்" சத்தம் போச்சு, ஸ்டாப்பர்ல இடிக்கிறதும் போச்சு. மறைக்கு நல்லா கிரீஸ் பூசி விட்டேன், அடுத்த மழைக்கு துரு ஏறக் கூடாது.

அலைன்மெண்ட் கட்டாயம். உயரம் மாறுனா கேம்பரும் (சக்கரம் மேல உள்ளயோ வெளியயோ சாயுறது) டோவும் (சக்கரத்தோட முன் பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்குறது) கூடவே மாறும், விட்டா ரெண்டு மாசத்துல டயர் ஓரம் தேஞ்சு கம்பி தெரியும். முதல்ல போன கடைல டோ மட்டும் தொட்டுட்டு காசு கேட்டாங்க, நான் கேம்பர் ரீடிங் காட்டுங்கன்னு நின்னு கேட்டேன், பொறவு வேற கடைக்கு போய் கேம்பரும் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சோட முன் பின் சாய்வு) பாத்து கடைசில டோ வச்சாங்க, இந்த வரிசைதான் சரி, கேம்பர தொட்டா டோ திரும்பவும் மாறும். அதுக்கு பொறவு ஷெட்டு சுவருக்கு நேரா வண்டிய நிறுத்தி, லோடோட, சுவர்ல சாக்பீஸ் கோடு போட்டு ஹெட்லைட்ட இறக்கி வச்சேன்.

இப்ப 600 கிலோமீட்டர் ஓடிருக்கு. நேத்து திரும்ப அளந்தேன், டிரைவர் பக்கம் 48.7, அடுத்த பக்கம் 49. அரை சுத்து குடுத்தா போதும்னு தோணுது, ஆனா டிரைவர் பக்கம் கீழ் ஆர்ம் புஷ் ரப்பர் வெடிச்சிருக்குறது கண்ணுல பட்டுச்சு, முதல்ல ரெண்டு பக்கமும் புஷ் மாத்திட்டு அப்புறமாத்தான் போல்ட்ட தொடுவேன். கம்பிகள கழட்ட வேண்டி வந்தா இடது வலதுன்னு பெயிண்ட்ல எழுதி வைக்கணும், டார்ஷன் பார் ஒரு திசை முறுக்குக்குன்னு செஞ்சது, பக்கம் மாத்தி போடக் கூடாது. புஷ் நாகர்கோவில்ல சொல்லி வச்சிருக்கேன், வந்த உடனே அந்த வேலை.