கிறிஸ்லியா சூப்பர் ஏஸ்: 1/24 ரப்பர் மாடல், இதுவரை நடந்தது

சூப்பர் ஏஸ் 1940-களின் பிரிட்டிஷ் சிறு விமானம். இங்கே கட்டுவது ரப்பர் பட்டையை முறுக்கிப் பறக்கவிடும் மாடல். அசலின் இறக்கை 36 அடி. 1/24 அளவில் சரியாக 18 அங்குலம். டிஷ்யூ (மெல்லிய தாள்) ஒட்டிய பால்சா (இலகுவான மரம்) மாடலுக்குக் கச்சிதமான அளவு. சிக்கலெல்லாம் வாலில்தான்.

1946-இல் லைகோமிங் எஞ்சினோடு பறந்த முதல் ஏஸுக்கு ஒற்றை வால், அதாவது ஒரே செங்குத்துத் துடுப்பு. இரட்டை வால் பிறகு வந்தது. 145 குதிரைத்திறன் ஜிப்ஸி மேஜர் 10 பூட்டி 1948-இல் பறந்த சூப்பர் ஏஸும் அதே இரட்டை வாலோடுதான். மாடலுக்கு ஒற்றை வால் சுலபம். ஆனால் அந்த இரண்டு துடுப்பும் இல்லாவிட்டால் இதை யார் ஏஸ் என்பார்கள்?

துடுப்புகளை 1.6 மிமீ ஷீட்டில் வெட்டவே கூடாது. வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டரை கிராம் களிமண் வைக்க வேண்டிவரும். 0.8 மிமீ மென்பால்சா போதும். டிஷ்யூவை இரு பக்கமும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் தண்ணீர் தெளித்ததும் வளைந்துவிடும். இரண்டு துடுப்பும் இணையாக நிற்கவில்லையென்றால் மாடல் ஒரே பக்கமாகச் சுழன்று இறங்கும்.

மூக்குச்சக்கரம் வரம், சாபம் இரண்டும். முன்னால் எடை சேர்வதால் களிமண் மிச்சம். ஆனால் மூன்று சக்கரத்தில் நிற்கும்போது மூக்கு உயராது. 150 மிமீ ப்ரொப்பெல்லர் தரையில் உரசும். 125 மிமீ போட்டு, 0.8 மிமீ கம்பிக் கால்களைக் கொஞ்சம் நீட்டியாக வேண்டும். அளவு பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சமநிலைப் புள்ளி இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 30 சதவீதம். ரப்பர் 3 மிமீ பட்டை, ஒரே வளையம். ப்ரொப்பெல்லர் தண்டு கீழே 3°, வலப்பக்கம் 2°. இறக்கை நுனிகளின் பின்விளிம்பை 2 மிமீ தூக்கிவிடுங்கள். இல்லையேல் வேகம் குறையும்போது ஒரு பக்கம் கவிழும். டோப் (டிஷ்யூவை இறுக்கும் பூச்சு) பாதிக்குப் பாதி தின்னர், ஒரே பூச்சு.

காக்பிட்டில் முழு உள்ளமைப்புக்கு வழியில்லை, ரப்பர் நடுவே ஓடுகிறது. ஆனாலும் ஸ்டியரிங்கை விடக்கூடாது. ஏஸில் கால் பெடலே கிடையாது: சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தினால் ஏற்ற இறக்கம், பக்கவாட்டில் தள்ளினால் சுக்கான், திருப்பினால் சாய்வு. விமானிகளுக்குப் பிடிக்கவில்லை, பெடல் திரும்ப வந்தது. டாஷ்போர்டில் 10 மிமீ கம்பி வளையம் ஒட்டினாலே தெரிகிறது.

அடுத்தது இதே ஏஸ் வரிசையில் வந்த 1949-இன் ஸ்கைஜீப்: வழக்கமான ஸ்டிக், வால்சக்கரம். ப்ரொப்பெல்லர் உரசாது. மூக்குச்சக்கரத்தின் எடை போய்விடுவதால் களிமண் மட்டும் கூடும்.