மஸ்ட் ஹேவ், ஷுட் ஹேவ்: காரியம் நடந்ததா இல்லையா?

'அவன் நேற்றே வந்திருக்க வேண்டும்.' தமிழில் இது ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் இரண்டு. அறையில் அவன் பை கிடப்பதைப் பார்த்து ஊகித்துச் சொன்னால் 'ஹி மஸ்ட் ஹேவ் கம் யெஸ்டர்டே'. வராதவனைக் குறை சொன்னால் 'ஹி ஷுட் ஹேவ் கம் யெஸ்டர்டே'. முன்னதில் அவன் வந்தாயிற்று, பின்னதில் வரவே இல்லை. மாற்றிச் சொன்னாலும் இலக்கணம் சரியாகவே இருக்கும், அதனால் தவறு கண்ணில் படாது. செய்திதான் தலைகீழாகிவிடும்.

'வந்திருக்கலாம்' என்பதும் இப்படித்தான். வந்தானா இல்லையா என்று தெரியாவிட்டால் 'மே ஹேவ் கம்' அல்லது 'மைட் ஹேவ் கம்'. வாய்ப்பு இருந்தும் வரவில்லை என்றால் 'குட் ஹேவ் கம்'. 'குட் ஹேவ்' வெறும் ஊகத்துக்கும் வரும் என்பதால், இதில் முன்பின் பேச்சை வைத்துத்தான் பொருள் பிரிக்க முடியும்.

அமைப்பில் குழப்பம் இல்லை: துணைவினை, அடுத்து 'ஹேவ்', அடுத்து வினையின் மூன்றாம் வடிவம். எழுவாய் யாராக இருந்தாலும் அந்த 'ஹேவ்' மாறாது. 'ஷி மஸ்ட் ஹேஸ் கான்', 'மஸ்ட் ஹேட் கான்' இரண்டும் தவறு. வேகமாகப் பேசும்போது 'ஷுட்டவ்' என்று காதில் விழுவதை 'ஷுட் ஆஃப்' என்று எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே செய்யும் பிழை.

நிகழ்காலத்தில் ஒரு பொறி உண்டு. 'ஹி மஸ்ட் வொர்க்' என்றால் அவன் வேலை செய்தே தீர வேண்டும். இப்போது வேலையில் இருப்பான் என்று ஊகிக்க 'ஹி மஸ்ட் பி வொர்க்கிங்'. 'நோ' (தெரிந்திருத்தல்), 'லைக்' (பிடித்திருத்தல்) போன்று செயலை அல்லாமல் நிலையைச் சொல்லும் நிலைவினைகளுக்கு இந்த 'பி' வேண்டாம். 'ஷி மஸ்ட் நோ' என்பதே ஊகம்தான்.

ஊகத்தை எதிர்மறையாக்க 'மஸ்ட் நாட்' போடக் கூடாது, அது பெரும்பாலும் தடையாகவே படும். 'ஹி கேன்ட் பி அட் ஹோம்': வீட்டில் இருக்க வாய்ப்பே இல்லை. இறந்தகாலத்தில் 'கேன்ட் ஹேவ்' அல்லது 'குடன்ட் ஹேவ்'. உறுதி குறைந்தால் 'மைட் நாட் ஹேவ்'. கட்டாயப் பொருளில் வரும் 'மஸ்ட்'டுக்கோ இறந்தகாலமே கிடையாது, 'ஹேட் டு' வந்து கைகொடுக்கும்: 'ஐ ஹேட் டு கோ யெஸ்டர்டே'.

'குட்' பற்றிப் பாடநூல்கள் 'கேன் என்பதன் இறந்தகாலம்' என்று முடித்துக்கொள்வது போதாது. 'ஷி குட் ஸ்விம் அட் ஃபைவ்' சரி, அது பொதுவான திறமை. ஒருமுறை முயன்று சாதித்ததைச் சொல்ல 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' வேண்டும்: 'ஐ வாஸ் ஏபிள் டு ஓப்பன் த டோர்'. முடியாமல் போனதற்கு மட்டும் 'குடன்ட்' எங்கும் செல்லும்.

'நீடன்ட் ஹேவ் கான்' என்றால் போனது வீண், போயிருக்கத் தேவையில்லை. 'டிடன்ட் நீட் டு கோ' போக அவசியம் இருக்கவில்லை என்று மட்டும் சொல்லும். போனாரா என்பது அதில் இல்லை.