பெட்டியை அளந்த பிறகே விலை சொல்ல வேண்டும்

ஏற்காட்டுக் காபித் தூள், மிளகு, ஜவ்வரிசி வத்தல் ஆகிய மூன்றையும் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியிலேயே கட்டி, வெளியூர்களுக்குக் கூரியரில் அனுப்பி வருகிறோம். புதிதாக இணைய விற்பனையில் இறங்குபவர்கள் கொள்முதல் விலையைப் பைசா சுத்தமாகக் கணக்கிட்டுவிட்டு, அனுப்பும் செலவை மட்டும் குத்துமதிப்பாகப் போடுகிறார்கள். பொருளின் எடையை வைத்து அந்தச் செலவைக் கணிக்கவே முடியாது என்பதும், கட்டி முடித்த பெட்டியை வைத்துத்தான் கணிக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

வத்தலை எடுத்துக்கொள்வோம். 800 கிராம் வத்தல் நொறுங்காமல் போய்ச் சேர வேண்டுமானால் 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 16 உயரம் உள்ள அட்டைப் பெட்டி தேவைப்படுகிறது. தராசில் வைத்தால் பெட்டியோடு சேர்த்து ஒரு கிலோவை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து, அதில் வருவதையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் போடுகின்றன. இதற்கு வால்யூமெட்ரிக் எடை என்று பெயர். நம் பெட்டிக்கு 9600-ஐ 5000-ஆல் வகுத்தால் 1.92 கிலோ வருகிறது. ஒவ்வோர் அரைக் கிலோவுக்கும் ஒரு படி (ஸ்லாப்) எனக் கட்டணம் ஏறுவதால் 2 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். “ஏங்க, ஊதினால் பறக்கிற வத்தலுக்கு இவ்வளவு கூரியர் கூலியா?” என்று வாடிக்கையாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வண்டியில் அந்தப் பெட்டி அடைக்கும் இடத்துக்கும் யாராவது பணம் கொடுத்தாக வேண்டுமே.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மேல் மடல் முட்டும்படி வத்தலைத் திணித்து டேப் ஒட்டினால், நடுப்பகுதி மெல்லப் புடைத்துக்கொள்ளும். கூரியர் கிடங்கில் உள்ள இயந்திரம் பெட்டியின் மிக உயர்ந்த புள்ளியைத்தான் உயரமாக எடுத்துக்கொள்ளும். 16 சென்டிமீட்டர் 17 ஆகிவிட்டால் கணக்கு 2.04 கிலோவாகி, பில் 2.5 கிலோவுக்கு வரும். ஒரு சென்டிமீட்டர் புடைப்புக்கு முழுதாக ஒரு ஸ்லாப் போய்விடுகிறது. பெட்டி விற்பவர்கள் சொல்லும் அளவு பல சமயம் உள்ளளவாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். கட்டி, டேப் ஒட்டி முடித்த பிறகு வெளிப்புறத்தில் நாடா வைத்து அளப்பதே சரியான முறை.

மிளகின் கதை நேர் எதிரானது. அது கனமான பொருள் என்பதால் தராசு எடைதான் முந்தும். அரைக் கிலோ மிளகுக்கு உறையையும் பெட்டியையும் சேர்த்தால் 585 கிராம் ஆகி, ஒரு கிலோவுக்கான கட்டணம் விழுகிறது. அதனால் நாங்கள் 400 கிராம் பொட்டலமாக வைத்திருக்கிறோம். உறை 15 கிராம், சிறு பெட்டி 70 கிராம் எனச் சேர்த்தாலும் 485 கிராமில் நின்றுவிடும். இரண்டு பொட்டலங்களை ஒரே பெட்டியில் வைத்தாலும் ஒரு கிலோவைத் தாண்டாது. அரைக் கிலோதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு, அவர்களிடம் கூடுதல் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

தூரத்தைப் பொறுத்தவரை வரைபடத்தை நம்பக் கூடாது. சேலத்துக்குச் சென்னையைவிடப் பெங்களூரு கிட்டத்தில் இருந்தாலும், மாநில எல்லையை வைத்து மண்டலம் பிரிக்கும் நிறுவனத்தில் பெங்களூருக்குத்தான் கட்டணம் அதிகம். விளம்பரங்களில் பளிச்சென்று தெரியும் பெருநகரக் கட்டணம், அனுப்பும் ஊரும் சேரும் ஊரும் பெருநகரங்களாக இருந்தால்தான் பொருந்தும் என்பதால், நமக்கு அதனால் பயன் இல்லை. ஏற்காட்டிலேயே கட்டி அனுப்ப நினைக்கும் எஸ்டேட்காரர்கள், 636601 என்ற தங்கள் அஞ்சல் குறியீட்டுக்குக் கூரியர்காரர்கள் வந்து சரக்கு எடுப்பார்களா என்று முதலில் விசாரிப்பது நல்லது. எடுக்க மாட்டார்கள் என்றால், இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்குச் சரக்கைக் கொண்டுவரும் செலவையும் ஒவ்வொரு பெட்டியின் மீதும் பிரித்துப் போட வேண்டும்.

கூரியர்காரர் வாயால் சொல்லும் விலை பெரும்பாலும் வரி சேராத விலை. 60 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 70 ரூபாய் 80 காசு ஆகும். ஜிஎஸ்டி பதிவு பெற்ற விற்பனையாளர்கள் இதை உள்ளீட்டு வரியாக வரவு வைத்து, தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாமல் மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்களுக்கு அது முழுச் செலவு. எரிபொருள் கூடுதல் கட்டணம் தனியாக உண்டா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறை இருந்தால், திரும்பி வரும் பெட்டிகள்தான் கணக்கை ஆட்டிவைக்கும். ஓர் உதாரணத்துக்கு, 100 பெட்டிகளில் 8 திரும்பி வருவதாகவும், போகவும் வரவும் தலா 70 ரூபாய் ஆவதாகவும் வைத்துக்கொண்டால், வீணாகும் தொகை 1120 ரூபாய். அதை ஒழுங்காக விற்ற 92 பெட்டிகள்தான் சுமக்க வேண்டும் என்பதால், பெட்டிக்குச் சுமார் 12 ரூபாய் ஏறுகிறது. நேரத்துக்குப் பணம் கட்டிய வாடிக்கையாளர், வாங்க மறுத்த யாரோ ஒருவருக்காகக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால் அந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் மட்டும் தனிக் கட்டணம் வாங்குகிறோம்.

கூரியர் நிறுவனத்தின் மாத பில் வந்ததும், நாம் எழுதிவைத்த எடையையும் அவர்கள் போட்ட எடையையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கக் குறுகிய கால அவகாசமே தருவார்கள், வெறும் வாய்ச்சொல்லும் அங்கே எடுபடாது. அதனால் ஒவ்வொரு பெட்டியையும் தராசின் மீது வைத்து, தராசு காட்டும் எடையும் முகவரிச் சீட்டும் ஒருசேரத் தெரியும்படி ஒரு படமும், பக்கவாட்டில் நாடாவை நிறுத்தி இன்னொரு படமும் எடுத்து, அனுப்பிய தேதிவாரியாகச் சேமித்து வைக்கிறோம்.