இரண்டு தட்டும் நீலமாக இருந்தது

ஐந்தாம் நாள் காலை இரண்டு தட்டுகளையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மருந்து போட்ட தட்டில் செல்கள் நீலமாகியிருந்தன. சரி, எதிர்பார்த்ததுதான். மருந்து போடாத தட்டும் ஏன் நீலமாக இருந்தது?

நான் வேலை செய்வது எச்எல்-60 செல்களோடு. ரத்தப் புற்றுநோய் வந்த 36 வயதுப் பெண் ஒருவரின் ரத்தத்திலிருந்து அமெரிக்காவில் எடுத்து வளர்த்தவை. 1977-இல் உலகுக்கு அறிமுகமாயின. வெள்ளையணுவாக முதிர வேண்டியவை பாதி வழியில் நின்று, பெருகிக்கொண்டே இருக்கும். வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலத்தை ஒரு மைக்ரோமோலார் அளவுக்குச் சேர்த்தால் நான்கைந்து நாளில் முதிர்ந்து, பெருகுவதை நிறுத்திவிடும். முதிர்ந்த செல்லைத் தூண்டிவிட்டால் கிருமியைக் கொல்லும் சூப்பர்ஆக்சைடை வெளியிடும். என்பிடி என்ற மஞ்சள் சாயம் அதைச் சந்தித்ததும் கருநீலப் படிகமாகிச் செல்லுக்குள் படியும்.

தவறு என் குறிப்பேட்டிலேயே இருந்தது. இந்த அமிலம் தண்ணீரில் கரையாது, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வைப்போம். 10 மில்லிமோலாராகக் கரைத்திருக்க வேண்டியதை 100 மைக்ரோமோலாராகக் கரைத்துவிட்டேன். அது நூறு மடங்கு நீர்த்த கரைசல். அதனால் அதே அளவு மருந்துக்குத் தட்டில் டிஎம்எஸ்ஓ மட்டுமே நூற்றுக்கு ஒரு பங்கு போய்விட்டது. ஒப்பீட்டுக்காக வைத்த மருந்து போடாத தட்டிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ. அந்த அளவு டிஎம்எஸ்ஓ-வே இந்தச் செல்களை முதிர வைக்கும். இரண்டு வார வேலை போனது. அன்று சாப்பிடப் போகவில்லை.

ஆனால் அந்த இரண்டு வாரத்தில்தான் என் கேள்வியை ஒழுங்காகப் படித்தேன்: ரெட்டினாயிக் அமிலம் இந்தச் செல்களை எந்த வழியில் முதிர வைக்கிறது? ஷாங்காயில் இந்த மருந்தைக் கொடுத்த மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்ட முடிவில், 24 நோயாளிகளில் 23 பேருக்கு இது ஒன்றினாலேயே நோய் முழுதாக அடங்கியது. புரோமைலோசைட்டிக் வகை ரத்தப் புற்றுநோய் அது. அவர்களுடைய செல்களில் 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு ஒட்டுப் புரதம் ஒன்றை உண்டாக்குகின்றன. முதிர்ச்சிக்கான மரபணுக்களை அது அடைத்து வைக்கிறது. மருந்து அந்த அடைப்பை எடுக்கிறது. எச்எல்-60-இல் அந்த ஒட்டுப் புரதமே கிடையாது. அப்படியும் முதிர்கிறது என்றால் வேறு வழியும் இருக்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ யென் குழு பல வருடங்களாகப் பின்தொடர்வது அந்த வழியைத்தான். ராஃப், மெக், எர்க் என்று ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்பும் புரதச் சங்கிலி அது. பாடப்புத்தகத்தில் எர்க் என்றால் 'பெருகு' என்ற கட்டளை: வளர்ச்சிக் காரணி வந்து தொட்டதும் எழும்பும், கொஞ்ச நேரத்தில் அடங்கும், செல் பிளவுபடும். ரெட்டினாயிக் அமிலம் போட்ட எச்எல்-60-இல் அதே எர்க் எழும்பி, அடங்காமல் நாள்கணக்கில் நிற்கிறது. செல் நின்று முதிர்கிறது. மெக்கைத் தடுத்தால் முதிர்ச்சியும் தடைப்படுகிறது. ஒரே புரதம், எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்பதை வைத்து நேர்மாறான முடிவு! முதலில் எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

அப்புறம் புதிதாக மருந்தைக் கரைத்து, வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அலுமினியத் தாள் சுற்றி, மறுபடி தொடங்கினேன். இந்த முறை டிஎம்எஸ்ஓ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் பாஸ்பேட் ஏறிய, அதாவது விழித்திருக்கும், எர்க்கின் பட்டை கருப்பாக நின்றது. ஐந்தாம் நாள் ஒப்பீட்டுத் தட்டில் நீலச் செல்லைத் தேட வேண்டியிருந்தது. மருந்துத் தட்டில் திரும்பிய இடமெல்லாம் நீலம். மெக் தடுப்பானும் சேர்த்த தட்டில் அங்கொன்றும் இங்கொன்றும்.

அடுத்த வாரம் 24 மணி நேரத்திலேயே மருந்தைக் கழுவி எடுத்துவிட்டு, அந்தப் பட்டை நிற்கிறதா மங்குகிறதா என்று பார்க்கப் போகிறேன். பிளாஸ்குகள் இன்குபேட்டரில் தயாராக இருக்கின்றன.