கைக்குழந்தையோடு ஒரு வீட்டுக் கடன்

முதல் தடவை வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது சின்னவளுக்கு எட்டு மாதம், பெரியவனுக்கு நாலு வயது. இருவருமே சம்பாதிக்கிறோம், எந்தத் தவணையும் தவறியதில்லை, அப்புறம் என்ன என்ற தெம்பில்தான் போனோம். கேட்டதில் பாதிக்குச் சற்று மேலே தரலாம் என்று பதில் வந்தது.

காரணம் கேட்டேன். அதிகாரி எங்கள் கணக்கறிக்கையைத் திருப்பிக் காட்டினார். கடந்த ஆறு மாதம். அதில் இரண்டு மாதம் நான் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். மகப்பேறு விடுப்பு முடிந்தும் குழந்தையை விட்டுப் போக முடியாமல் நீட்டித்தது. மூன்றாவது மாதம் பாதிச் சம்பளம். பிரசவச் செலவை கிரெடிட் கார்டில் போட்டுத் தவணையாக மாற்றியிருந்தோம். காப்பகத்துக்கு முன்பணம் வேறு. அந்தத் தாள்களை மட்டும் பார்த்தால் எங்களுக்கு நானே கடன் கொடுத்திருக்க மாட்டேன்.

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் 'வழக்கமான ஆறு மாதம்' என்று ஒன்று கிடையாது. ஆனால் வங்கிக்கு அதுதான் அளவுகோல். வருமானத்தை எடுத்து, ஏற்கெனவே ஓடும் தவணைகளையும் குடும்பச் செலவையும் கழித்து, மிச்சம் எவ்வளவு தவணையைத் தாங்கும் என்று பார்க்கிறார்கள். விண்ணப்பத்தில் 'சார்ந்திருப்போர்' என்ற கட்டத்தில் நான் 2 என்று எழுதியதற்குக்கூட அந்தக் கணக்கில் ஓர் எடை உண்டு. எங்களை அதிகம் வாட்டியது கார்டுத் தவணைதான். முடிய பத்தே மாதம் இருந்த அது, இருபது வருடக் கடனின் அளவையே இழுத்துக் கீழே விட்டது.

உடனே இன்னும் மூன்று இடங்களில் கேட்டுப் பார்க்கலாம் என்றார் கணவர். நான் தடுத்தேன். ஒவ்வொரு விண்ணப்பமும் நம் கடன் வரலாற்றில் பதிவாகும். குறுகிய காலத்தில் வரிசையாகப் பதிவானால், பணத்துக்கு அலைகிறவர்கள் என்றுதான் படும். நாலு மாதம் காத்திருந்தோம். அதற்குள் கார்டுத் தவணையை முழுதாக அடைத்தோம். என் பெயரில் முழுச் சம்பளச் சீட்டுகள் சேர்ந்தன. விடுப்பு எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, இப்போதைய சம்பளம் என்ன, வேலை நிரந்தரமா என்பதையெல்லாம் எழுதி அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கினேன். இரண்டாம் முறை அதை யாரும் கேட்குமுன்பே மேலே வைத்தேன். முதல் தடவையே இதைச் செய்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை தொகை சரியாக வந்தது. ஆனால் வீட்டை மதிப்பிட வந்தவர் நாங்கள் பேசிய விலையைவிடக் குறைவாகப் போட்டுவிட்டார். கடன் அந்த மதிப்பில்தான், விலையில் இல்லை. இடைவெளி நம் கையிலிருந்து. விற்பவரிடம் பேசிக் கொஞ்சம் குறைத்தோம், மீதியைப் போட்டோம். அவசரத்துக்கென்று வைத்திருந்த ஆறு மாதச் செலவில் இரண்டு மாதம் அதில் போனது. இன்னும் அது உறுத்துகிறது. குழந்தைகளுக்குக் காய்ச்சல் நம் கையிருப்பைப் பார்த்து வருவதில்லை.

கடன் காலத்தை முடிவு செய்தபோது இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டோம், பிள்ளைகள் இருவரும் தூங்கிய பிறகு. 9 சதவீத வட்டி என்று வையுங்கள். 20 வருடத்தில் வாங்கியதைப்போல 2.16 மடங்கு கட்டுவோம். 30 வருடமாக்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 11 சதவீதம்தான் இறங்குகிறது, மொத்தமோ 2.9 மடங்காகிறது. 20 வருடத்தை எடுத்தோம். அதிலும் முதல் தவணையில் 83 சதவீதம் வட்டிக்கே போகிறது. அசலில் பாதி தீர 14 வருடம் ஆகும். அட்டவணையின் ஓரத்தில் பிள்ளைகளின் வயதையும் எழுதிக்கொண்டே வந்தேன்: பாதி அடையும்போது பெரியவன் கல்லூரியில் இருப்பான். கணவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் மூன்றரை வருடம் முன்னதாக முடியும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கினோம். காப்பகக் கட்டணம் நின்றதும் அந்தப் பணம் இதற்குத்தான் என்று முடிவு.

காப்பீடு கடனோடு சேர்த்தே தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் காட்டிய திட்டத்தில் கடன் குறையக் குறையக் காப்பும் குறையும், பணமும் நேரே கடனுக்குப் போய்விடும். தனியாக டேர்ம் காப்பீடு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு, எடுத்தோம், எங்கள் இருவர் பெயரிலும்.

கையெழுத்துப் போடப் போன நாள் சின்னவளின் தூக்க நேரம். இடுப்பில் அவள், கையில் பேனா, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. முப்பதாவது பக்கம் வாக்கில் அவள் பேனாவைப் பிடித்து இழுத்தாள். 'மேடம், இது பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை' என்று அந்தத் தாளை மட்டும் மறுபடி அச்செடுத்துத் தந்தார்கள். குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நின்றபடியே போட்டேன். கெட்டுப்போன தாளைக் குறுக்கே கோடு கிழித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெரியவன் அதன் பின்பக்கத்தில் வீடு வரைந்துகொண்டு வந்தான்.