செத்தவரின் சம்மதம்: ஒரு கேம்பெயின் நாட்குறிப்பு

மார்ச் 1, ஞாயிறு

ஆளுக்கொரு கதாபாத்திரமாக நாங்கள் வாராவாரம் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதை விளையாட்டின் செஷன் இன்று பாதியிலேயே நின்றது. மலைக்கணவாய்க் கோட்டையை எதிரிப் படை நெருங்குகிறது, உள்ளே காவலுக்கு ஆள் போதவில்லை. கோட்டைக்கு அடியிலிருக்கும் கல்லறையில் பழைய முற்றுகையில் செத்த வீரர்களின் எலும்புகள் கிடக்கின்றன. எங்கள் விஸார்டு (மந்திரவாதி) ஐந்தாம் லெவலுக்கு வந்தவுடன் எடுத்த ஸ்பெல், அதாவது மந்திரம், 'அனிமேட் டெட்': செத்த உடலை எழுப்பி ஏவல் செய்ய வைப்பது. "ரெண்டு எலும்புக்கூட்டை எழுப்பி வாசல்ல நிறுத்துறேன்" என்றான்.

கிளெரிக் (தெய்வத்தின் அருளால் மந்திரம் போடும் பூசாரி) ஆடுபவள் டைஸைக் கீழே வைத்துவிட்டாள். "அவங்க ஏற்கெனவே ஒரு தடவை இந்தக் கோட்டைக்காகச் செத்தவங்கடா. நீ எழுப்பினா நான் உங்ககூட வரமாட்டேன்."

"கீழ ஊர் இருக்கு, குழந்தைங்க இருக்காங்க. எலும்புக்கு வலிக்குமா?"

இருவரும் விளையாட்டுக்குப் பேசவில்லை. கதையை நடத்துகிற டன்ஜன் மாஸ்டராக நான் ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை, அடுத்த வாரம் தொடரலாம் என்றேன்.

மார்ச் 3, செவ்வாய்

விதிப்புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு, செத்தவர்களை எழுப்புவது நல்ல செயல் இல்லை, தீயவர்கள்தான் அதை அடிக்கடி செய்வார்கள் என்கிறது. ஏன் என்பதற்கு அந்த வரியில் விளக்கம் இல்லை. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலோ ஸ்பெல்லுக்குத் 'தீயது' என்ற முத்திரை உண்டு, அது எழுப்பும் எலும்புக்கூடு மட்டும் நியூட்ரல் (நல்லதும் இல்லை, தீயதும் இல்லை). புத்தியே இல்லாதது எப்படித் தீயதாகும் என்று கேட்டால் அது நியாயமாகத்தான் படுகிறது. 2003-இன் திருத்தப் பதிப்பில் எலும்புக்கூடும் தீயதாகிவிட்டது. எலும்பு அதே எலும்புதான், முத்திரைதான் மாறியது. முத்திரையைக் காட்டி இந்த வழக்கை முடிக்க நான் தயாராக இல்லை.

நெக்ரோமான்ஸி (உயிரையும் சாவையும் கையாளும் மந்திரங்கள்) என்ற வகையே கெட்டது என்பதும் நிற்காது. 1978-இன் விதிகளில் காயம் ஆற்றும் ஸ்பெல்லே அந்த வகையில்தான் இருந்தது. எங்கள் கிளெரிக் பெருமையோடு வைத்திருக்கும் 'ரிவிவிஃபை' இன்றும் நெக்ரோமான்ஸிதான். செத்து ஒரு நிமிடத்துக்குள் 300 பொற்காசு பெறுமான வைரம் இருந்தால் உயிர் திரும்பும். அவளும் சாவோடு மல்லுக்கட்டுகிறவள்தான்.

மார்ச் 4, புதன்

அப்படியானால் வித்தியாசம் எங்கே? செத்தவரை உயிரோடு மீட்கும் 'ரெய்ஸ் டெட்' ஸ்பெல்லில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஆன்மா விரும்பினால்தான் திரும்பி வரும். தன்னை அழைப்பவரின் பெயர், குணம், அவர் கும்பிடும் தெய்வம் மூன்றும் அதற்குத் தெரியும், பிடிக்காவிட்டால் வர மறுக்கலாம் என்று டன்ஜன் மாஸ்டருக்கான புத்தகம் சொல்கிறது. 'அனிமேட் டெட்' யாரையும் எதையும் கேட்பதில்லை. ஒரு துளி ரத்தம், கொஞ்சம் சதை, ஒரு சிட்டிகை எலும்புத்தூள், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது இதுதான். அழுகல், நாற்றம், இருட்டு எல்லாம் அப்புறம். மறுக்க வாயில்லாதவரை வேலை வாங்குகிறோம்.

மார்ச் 7, சனி

விஸார்டிடமிருந்து மெசேஜ்: "கிளெரிக் 'ஸ்பீக் வித் டெட்' போடட்டும். சம்மதத்தைக் கேட்டுடுவோம்."

நல்ல யோசனை. இரவு முழுக்க, பிணத்திடம் பேச வைக்கும் அந்த ஸ்பெல்லோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஐந்து கேள்விகள் கேட்கலாம். ஆனால் திரும்புவது ஆன்மா இல்லை, உடலை இயக்கிய ஏதோ ஒன்று மட்டும். அதற்குப் புதிதாக எதையும் கற்கத் தெரியாது, செத்தபின் நடந்தது புரியாது, வரப்போவதை யோசிக்கவும் முடியாது. "உன்னை எழுப்பட்டுமா?" என்று கேட்டால் அது சொல்லும் 'சரி'க்கு மதிப்பே இல்லை. உயிரோடு இருந்தபோது என்ன நினைத்தான் என்பதை மட்டும்தான் கேட்க முடியும். உயில் படிப்பது போல.

மார்ச் 8, ஞாயிறு

கல்லறைக்கு இறங்கினார்கள். தாடை விழாத மண்டையோடாகத் தேடி எடுத்தார்கள் (வாய் இல்லாவிட்டால் ஸ்பெல் பலிக்காது).

"இந்தக் கோட்டையை எதுவரை காப்பேன்னு சத்தியம் பண்ணின?"

"கடைசி ஆள் விழும்வரை."

விஸார்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். கிளெரிக் அடுத்ததைக் கேட்டாள். "விழுந்த பிறகு?"

"யாரும் கேட்கவில்லை" என்றேன், மண்டையோட்டின் குரலில்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு விஸார்டே எலும்புகளை அங்கேயே விடச் சொன்னான். அப்போது ரோக் (தந்திரக்காரத் திருடன்) ஆடுபவர் உயிரோடிருக்கும் கோட்டைத் தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். நான் எதிர்பார்க்கவே இல்லை. தலைவர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். "நான் விழுந்தால் எழுப்புங்கள், ஊர் தப்பும்வரை" என்று பதில் சொன்னேன். சண்டையில் அவர் விழுந்தார், ஜாம்பியாக எழுந்து வாசலை அடைத்தார். கிளெரிக் தடுக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இந்த விளையாட்டுகளுக்காக எழுதப்பட்ட கற்பனை உலகங்களில் உலகத்துக்கு உலகம் பதில் மாறுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் எபெரான் உலகத்தில் கார்நாத் நாடு பஞ்சமும் நோயும் வந்தபோது செத்த வீரர்களையே படையில் சேர்த்தது. அதே உலகத்தில் ஏரனல் எல்ஃபுகள் மூதாதையரை மரியாதையோடு இறவாமல் வைத்திருக்கிறார்கள். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் கெப் நாட்டில் ஜாம்பிகள் வயலில் உழைக்கின்றன, விளைச்சல் வெளிநாடு போகிறது. பசியாறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அந்த வயலை என்னால் ஏற்க முடியவில்லை. ஏரனலை ஏற்க முடிகிறது.

அப்புறம் 'அனிமேட் டெட்'டின் 24 மணி நேரக் கெடு. அதற்குள் கட்டுப்பாட்டைப் புதுப்பிக்காவிட்டால் எழுந்தது சொல்பேச்சு கேட்காது. விடுபட்ட எலும்புக்கூடு சிலசமயம் பழைய வேலையையே செய்யும் என்கிறது விளையாட்டின் அரக்கர்களை விவரிக்கும் மான்ஸ்டர் மேனுவல்: சுரங்கக்காரனாக இருந்தது பிக்காசை எடுத்துச் சுவரைக் கொத்தும். உயிருள்ளவரைக் கண்டால் கொல்லப் பாயும். தலைவர் சம்மதித்தது தன் உடலுக்கு மட்டும்தான். அது அவிழ்த்துக்கொண்டு ஊருக்குள் போனால் வரும் ஆபத்துக்கு ஊரார் சம்மதிக்கவில்லையே. விஸார்டு தூங்கிப்போனால் யார் பொறுப்பு? இதை அவனிடமே கேட்டுவைத்திருக்கிறேன்.

மார்ச் 14, சனி

பதில் வந்தது. ஊர் தப்பியதும், கெடு முடியும் முன்பே, தலைவரைக் கிளெரிக் கையால் அடக்கம் செய்கிறார்களாம். இருவரும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். கூடவே எல்லோரும் கேரக்டர் ஷீட்டில் (கதாபாத்திர விவரத்தாளில்) தங்கள் உடலை என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும் என்கிறான் விஸார்டு. கிளெரிக் "தொடாதே" என்று எழுதினாள். விஸார்டு தன்னை எழுப்பலாம், ஒரு நாளுக்கு மட்டும் என்று எழுதினான். ரோக் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்.

காலியாக இருந்தால் 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொள்வேன் என்று எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன்.