சுண்ணாம்புச் சுவரோடு வேலை

கட்டடக்கலை படித்து வந்த எனக்கு வேலையில் பெரும்பகுதி சென்னையின் பழைய பகுதியான மண்ணடி, தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு பக்கமே அமைந்தது. பழைய வீடுகளை அலுவலகமாகவோ கடையாகவோ மாற்றிக் கொடுக்க வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் முகப்பை மட்டும் காப்பாற்றச் சொல்வார்கள். உள்ளே எல்லாம் புதிதாக வேண்டும் என்பார்கள். எனக்கோ அந்த வீடுகளின் அருமை முழுவதும் சுவரிலும் கூரையிலும்தான் இருக்கிறது.

மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பாருங்கள். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, உத்திரங்களுக்குக் குறுக்கே சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் அதில் சேரும். கம்பியே கிடையாது. கடலை ஒட்டிய ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம்! உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், துரு பருக்கும், பருத்ததும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடற்கரையோரக் குடியிருப்புகளில் பால்கனிக்கு அடியில் கம்பி பல்லிளிப்பது இதனால்தான்.

சுவர் விஷயத்தில்தான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் எங்களுக்கு முன் வேலை செய்தவர்கள் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசி வைத்திருந்தார்கள். பூச்சைக் கொத்தி எடுத்தால் பின்னாலிருந்த செங்கல் மாவாகக் கையில் வந்தது. ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கி, உப்பு படிந்து படிந்து கல்லையே தின்றிருக்கிறது. எங்கள் மேஸ்திரி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தண்ணி உள்ள வர்றத யாராலயும் தடுக்க முடியாது சார், வெளிய போக வழி விடணும்" என்றார். வீட்டுக்காரருக்கோ தைக்குள் கடை திறந்தாக வேண்டும். சுண்ணாம்பு காய நேரம் எடுக்கும் என்று எத்தனை முறை சொன்னேனோ. கடைசியில் கீழ்த்தளத்தை முதலில் முடித்துக் கொடுத்து, மேல்தளத்துக்கு அவகாசம் வாங்கினோம்.

பழைய கட்டடத்தைச் சுண்ணாம்பாலேயே மீட்பது பெரிய அளவிலும் நடக்கக்கூடியதே. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. இடித்துவிடலாம் என்று விட்டிருந்தால் போயே போயிருக்கும். பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டெடுத்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. காமராஜர் சாலையில் போகும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அதற்காகப் புதிய வடிவமைப்பே வேண்டாம் என்பதில்லை. மாடிப்படி, கழிப்பறை, குளிர்சாதனம் எல்லாம் வேண்டும்தான். அவற்றை நான் கொல்லைப்புறத்தில், தனி அஸ்திவாரத்தில், பழைய சுவர்மேல் சாயாமல் நிறுத்துவேன். படிக்குத் துத்தநாகம் பூசிய எஃகு. முற்றத்தைத் தகரத்தால் மூடியிருந்தால் அதை எடுத்துவிட்டு, சுற்றிலும் இடைவெளி விட்டு உயரமாக ஒரு கூரை. மத்தியானம் கடற்காற்று எழும்போது அந்த இடைவெளியின் அருமை தெரியும். தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி கேட்டால் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. மேற்கு வெயிலை வாங்கி உள்ளே அடைத்துக்கொண்டு, அதைத் தணிக்க மின்சாரத்தைச் செலவழிப்பது இந்த ஊருக்கு நியாயமில்லை.

இப்போது என் கவலை ஆட்களைப் பற்றித்தான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன்: மேஸ்திரியோடு இளம் கொத்தனார் ஒருவர் முதல் நாளிலிருந்து கூடவே நிற்க வேண்டும், அவர் கூலி மதிப்பீட்டில் தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் முதலில் கேள்வி கேட்கிறார்கள், அப்புறம் சரி என்கிறார்கள்.